ஜோன் வூவின் துப்பாக்கிகளும் ஒரு மண்டையோடும்

ஒரு கலைஞனின் படைப்புகளை முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று வரிசைப்படுத்துவது குதிரைப் பந்தயக்காரரின் வேலை என்று நம்மிற் சிலர் கருதுகின்றனர். அக்கருத்து முற்றிலும் தவறானதன்று. ஆயினும் வரிசைப்படுத்தல் என்பது மதிப்பிடலே. மதிப்பிடலுக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோலை மறைத்துவிட்டு வரிசையை மாத்திரம் அறிவிப்பதே குற்றம். சண்டைப் படங்களால் உலகப் புகழ் பெற்ற ஹொங்கொங் நெறியாளர் ஜோன் வூவின் விடயத்தில் இக்குற்றம் மிகுதியாகவே நிகழ்ந்துள்ளது. எத்தனை துப்பாக்கிகள் வெடித்தன, எத்தனை கண்ணாடிகள் நொறுங்கின, கதாநாயகன் எத்தனை முறை இரு கைகளிலும் துப்பாக்கி ஏந்திக் காற்றிற் பாய்ந்தான் என்பனவே ரசிகர்களின் கணக்கு. அக்கணக்கின்படி 1992ஆம் ஆண்டின் 'ஹாட் பொயில்ட்' அல்லது 1989ஆம் ஆண்டின் 'த கில்லர்' முதலிடம் பெறும். மறுபுறத்தில், முற்போக்கு அணியைச் சேர்ந்த நண்பர் பலர் இப்படங்கள் யாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, 'வன்முறைச் சரக்கு' என்று பெயர் எழுதி வாசலுக்கு வெளியே எறிந்துவிடுகின்றனர். எறிவது எளிது. ஆனால் எறியப்பட்ட மூட்டையை நம் மாணவர்கள் எடுத்துச் சென்று பிரித்துப் பார்க்கிறார்கள். அதிலே தம் மனத்தைத் தொடும் ஏதோ ஒன்று இருப்பதைக் காண்கிறார்கள். அது யாதென்று கேட்டால் ஆசிரியரிடம் விடையில்லை. இந்நிலை விரும்பத்தக்கதன்று.

நாம் கொள்ளும் அளவுகோல் இது: திரையிலே ஒரு குண்டு பாயும்போது அதன் விலை என்ன என்பதைப் படம் அறிந்திருக்கிறதா? அக்குண்டுக்குப் பணம் கொடுத்தவன் யார், அதை ஏற்றவன் யார், ஏற்றவனுக்குப் பின்னர் என்னவாயிற்று என்பவற்றைப் படம் நினைவில் வைத்திருக்கிறதா, அன்றி அடுத்த குண்டின் அழகிலே அவற்றை மறந்துவிடுகிறதா? துப்பாக்கிச் சத்தத்தைத் திரையில் மட்டுமே கேட்டவர்களல்லர் நம் நாட்டு மக்கள். ஆதலின் இவ்வளவுகோலை நாம் புத்தகத்திலிருந்து எடுத்து வந்து பொருத்தியதாக எவரும் கூறார்.

வூவின் வாழ்க்கை வரலாறு ஓரளவு தெரிந்திருத்தல் நன்று. 1946இல் குவாங்சௌ நகரிற் பிறந்தவர். சிறுபிராயத்திலே குடும்பத்துடன் ஹொங்கொங்குக்கு வந்தவர். தந்தை ஆசிரியர், காசநோயால் நெடுங்காலம் வைத்தியசாலையிற் கிடந்தார். தாய் கட்டட வேலைத் தலங்களிற் கூலியாக உழைத்தார். 1953ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதியை எரித்த பெருந்தீ 50,000க்கும் மேற்பட்டோரை வீதிக்குத் துரத்தியது. வூவின் குடும்பமும் அவர்களுள் ஒன்று. அமெரிக்கக் குடும்பமொன்று லுதரன் திருச்சபை வழியாக அனுப்பிய உதவிப் பணத்தாலே கல்வி கற்றார். அவருடைய படங்களிலே தேவாலயமும் சேரியும் மீண்டும் மீண்டும் வருவதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

தொழில் கற்ற இடம் ஷோ சகோதரர்களின் படப்பிடிப்பு நிலையம். அங்கே வாட்சண்டைப் படங்களின் பெருநெறியாளரான சாங் சேயிடம் உதவியாளராக இருந்தார். நட்புக்காக உடல் கிழிந்து உயிர் துறக்கும் ஆண்மகனே சாங் சேயின் நாயகன். சீனர் 'யீ' என்று அழைக்கும் அறம் அது. செஞ்சோற்றுக்கடன் என்ற சொல்லை அறிந்த தமிழ் வாசகருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பேராசிரியர் கைலாசபதி பண்டைத் தமிழ் வீரப் பாடல்களை ஆராய்ந்து 1968இல் வெளியிட்ட ஆங்கில நூலைக் கற்றவர்கள், இத்தகைய அறம் எவ்வகைச் சமுதாயத்தில் விளைவது என்பதையும் அறிவர். வூ செய்தது யாதெனில், அவ்வீரயுகத்து மனிதனின் கையிலிருந்த வாளை வாங்கித் துப்பாக்கியைக் கொடுத்து, அவனைக் கொண்டுவந்து ஹொங்கொங் வங்கிக் கட்டடங்களின் நடுவே நிறுத்தியமையே. பணமே எல்லா உறவையும் அளக்கும் நகரத்தில் செஞ்சோற்றுக்கடன் தீர்க்க முயல்பவன் அழிவான். இவ்வழிவின் கதையே வூவின் நல்ல படங்கள் யாவும். நிலப்பிரபுத்துவ விழுமியத்தின் பக்கம் நின்று முதலாளித்துவத்தைப் பழிக்கும் குரல் இது. பின்னோக்கிய குரல் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பின்னோக்கி நின்று பழிப்பவன் சிலவேளைகளில், முன்னோக்கி நிற்பதாகக் கூறிக்கொண்டு எதையுமே காணாதவனிலும் கூர்மையாகக் காண்கிறான்.

ஹொலிவூட்டில் அவர் செய்தவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். 2000ஆம் ஆண்டின் 'மிஷன் இம்பொசிபிள் 2' அவ்வாண்டில் உலகிலேயே அதிக வசூல் ஈட்டிய படம். இவ்வரிசையின் அடியில் இருப்பதும் அதுவே. நோய்க்கிருமியையும் அதற்கான மருந்தையும் ஒரே கம்பனி உருவாக்குகிறது. வில்லனோ மருந்தை விற்ற பணத்தோடு அமையாது கம்பனியின் பங்குகளையே கேட்கிறான். நையாண்டிக்கு எத்துணை அரிய வாய்ப்பு! படம் அதைத் திரும்பியும் பாராமல் மோட்டார்ச் சைக்கிளில் ஏறிப் போய்விடுகிறது. 2002இல் வந்த 'விண்ட்டோக்கர்ஸ்' இன்னும் வருத்தந் தருவது. இரண்டாம் உலகப் போரில் தம் தாய்மொழியையே இரகசியக் குறியீடாக அமெரிக்கப் படைக்கு வழங்கியவர்கள் நவாஹோ பழங்குடி மக்கள். 1944ஆம் ஆண்டின் சைப்பான் தீவுப் போரில் அத்தகைய ஒருவனைக் காப்பதும், எதிரியிடம் பிடிபட நேர்ந்தால் அவனையே கொல்வதும் ஒரு வெள்ளைச் சார்ஜனுக்கு இடப்பட்ட கட்டளை. தன் மொழியை எவனுக்குக் கொடுத்தானோ அவனுடைய துப்பாக்கியே தன்னை நோக்கியும் நீண்டிருக்கிறது என்பதை நவாஹோ வீரன் அறியும் கணமே கதையின் உயிர்நிலை. ஆனால் கமரா பெரும்பாலும் வெள்ளைச் சார்ஜனின் மனச்சாட்சியைச் சுற்றியே வட்டமிடுகிறது. காலனித்துவம் கலைக்குள் புகுவதற்குக் கொடி ஏந்தி வர வேண்டியதில்லை. எவனுடைய முகத்தை அண்மையிற் காட்டுவது என்ற சிறு முடிவிலே அது அமர்ந்துகொள்ளும்.

இவற்றினிடையே 1993இல் அவர் அமெரிக்காவிற் செய்த முதற்படமான 'ஹாட் டாகெட்' புறக்கணிக்கப்பட்ட ஒன்று. நியூ ஓர்லியன்ஸ் நகரில் வீடற்று அலையும் முன்னாட் போர்வீரர்களைப் பிடித்து, பெருந்தொகை கொடுக்கும் செல்வந்தருக்கு வேட்டைப் பொருளாக விற்கிறது ஒரு கூட்டம். கதாநாயகன் வேலையற்ற கப்பற்றொழிலாளி. தொழிற்சங்கச் சந்தா கட்ட வழியின்றித் தவிப்பவன். சங்கச் சந்தாவுக்காக ஓடித்திரியும் நாயகனை வேறெந்தச் சண்டைப் படத்திலும் நாம் கண்டதில்லை! நடிப்போ மரக்கட்டை, இறுதிப் பகுதி வாணவேடிக்கை. இருந்தும், ஏழையின் உயிருக்கு விலை குறிக்கப்படுவதை இத்துணை நேரடியாகச் சொன்ன அமெரிக்கச் சண்டைப் படங்கள் சிலவே. 1997ஆம் ஆண்டின் 'ஃபேஸ் ஓஃப்' தொழில் நேர்த்தியில் இதனிலும் பலமடங்கு உயர்ந்தது. பொலிஸ் அதிகாரியும் பயங்கரவாதியும் முகம் மாற்றிக்கொள்கின்றனர். சட்டத்தின் முகமும் குற்றத்தின் முகமும் ஒன்றன்மேலொன்று பொருந்துகின்றன. காதிலே பாடலொலியுடன் ஒரு சிறுவன் நிற்க, அவனைச் சுற்றி மனிதர் சுடப்பட்டு விழும் காட்சியை நினைவிற் கொள்ளலாம். ஆனால் முடிவிலே நல்ல குடும்பம் நல்லபடி வீடு சேர்கிறது. முகங்கள் உரியவரிடம் மீள்கின்றன. கேள்வி காணாமற் போகிறது. இப்படம் அமெரிக்காவில் வெளியாகி நான்கு நாட்களில், 1997 யூலை 1ஆம் திகதி, ஹொங்கொங்கே முகம் மாறியது. அதுபற்றிய படத்தை வூ செய்தாரல்லர்.

சீனத்துக்கு மீண்டு 2008இலும் 2009இலும் இரு பாகங்களாக அவர் வெளியிட்ட 'ரெட் கிளிஃப்' நம் வரிசையில் நான்காவது. கி.பி. 208இன் செம்பாறைப் போரைச் சொல்வது. பெருஞ்செலவும் பெருங்கூட்டமும் கப்பல்கள் எரியும் பெருநெருப்பும் கொண்ட இப்படத்தில் எம்மை நிறுத்தியது ஒரு சிறு கிளைக்கதை. ஆண் வேடமிட்டு எதிரியின் பாசறையில் ஒற்றறியப் புகுந்த அரசகுமாரி, அங்கே பந்து விளையாடும் வெள்ளையுள்ளம் படைத்த சாதாரணப் போர்வீரன் ஒருவனுடன் நட்புக் கொள்கிறாள். அவளுடைய வேவு வெற்றிக்குத் துணை செய்கிறது; அவ்வெற்றியிலே அவன் மாள்கிறான். தளபதிகளின் சூழ்ச்சித் திறனையே வரலாறாகப் பாடிவந்த ஒரு பெருங்கதையினுள், யாருக்காக இறக்கிறோம் என்றறியாத ஒரு குடியானவனின் முகம் சில நிமிடங்கள் தெரிகிறது. அச்சில நிமிடங்களுக்காகவே அதனை 'ஹாட் பொயில்ட்'டுக்கு மேலே வைக்கிறோம்.

ரசிகர்கள் இங்கே சினங்கொள்வர். 'ஹாட் பொயில்ட்'டை ஐந்தாமிடத்துக்குத் தள்ளுவதா? அதன் தொழில்நுட்பத்தை நாம் குறைத்துக் கூறவில்லை. பறவைக் கூடுகள் தொங்கும் தேநீர்க் கடையில் தொடங்கும் முதற் சண்டையைவிடச் செறிவாகத் தொகுக்கப்பட்ட துப்பாக்கிச் சண்டை உலக சினிமாவிலே சிலவே. வைத்தியசாலையில் நிகழும் இறுதிப் பகுதியில், இரண்டரை நிமிடங்களுக்கு மேலாக எவ்வித வெட்டுமின்றித் தொடரும் ஒரே காட்சி உண்டு. இரு பொலிஸாரும் ஒரு தளத்திற் சுட்டுக்கொண்டே சென்று, மின்தூக்கியில் ஏறி, மறு தளத்தில் இறங்கி மீண்டும் சுடுகின்றனர். உண்மையில் அவ்விரு தளங்களும் ஒன்றே. மின்தூக்கியின் கதவு மூடியிருந்த அரை நிமிடத்துக்கும் குறைந்த நேரத்துக்குள், சிதறிய பொருள்களை அகற்றி, இடத்தை வேறொரு தளமாக மாற்றிவிட்டனர் படப்பிடிப்புத் தொழிலாளர். பார்ப்போர் வியப்பது நெறியாளரை. ஓடி உழைத்த கைகளின் பெயர்களை எவரும் கேட்பதில்லை.

ஆனால் அதே மின்தூக்கிக்குள் நிகழும் ஒன்றைக் கவனியுங்கள். சுடும் வேகத்தில் அவ்விருவருள் ஒருவன், இரகசியப் பொலிஸாகக் குற்றவாளிகளிடையே வாழும் டொனி லியுங்கின் பாத்திரம், தன் சக பொலிஸ்காரன் ஒருவனையே சுட்டுவிடுகிறான். அவன் அதிர்ந்து நிற்கிறான். நண்பன் அவனைத் தேற்றுகிறான். கதவு திறக்கிறது, சண்டை தொடர்கிறது. ஒரு மனிதனின் சாவுக்குப் படம் ஒதுக்கியுள்ள காலம், மின்தூக்கி ஒரு தளத்தைக் கடக்கும் காலம். தான் கொன்ற ஒவ்வொருவனுக்கும் ஒரு கடதாசிக் கொக்கு மடிக்கும் வழக்கமுடையவன் அவன் என்று படமே முன்னர் கூறியிருந்தது, அறிந்தே கூறியிருந்தது. அறிந்ததைத் தொடர்ந்து நினைக்க அதற்கு நேரமில்லை. நோயாளிகளும் தாதியரும் வரிசையாக வீழ்கின்றனர். வில்லனின் கையாளே, இவர்களைக் கொல்லமாட்டேன் என மறுத்துத் தன் தலைவனால் மடிகிறான். அந்த அரிய கணமும் அடுத்த வெடிப்பிலே கரைகிறது. குழந்தையைக் காத்து நாயகன் வெளியே பாயும்போது நாம் கைதட்டுகிறோம். வைத்தியசாலைக்குள் எத்தனைபேர் கிடக்கிறார்கள்? கைதட்டுபவர் எண்ணுவதில்லை, எண்ணாதவாறு கைதட்டச் செய்வதே இப்படத்தின் கலைத்திறன்.

'த கில்லர்' மூன்றாவது. கூலிக்குக் கொலை செய்பவன் ஒருவனின் துப்பாக்கி வெடித்த தீச்சுடராற் கேளிக்கை விடுதிப் பாடகி ஒருத்தி பார்வை இழக்கிறாள். அவளுக்குக் கண் சத்திரசிகிச்சை செய்யப் பணந்தேடி அவன் இறுதியாக ஒரு கொலையை ஏற்கிறான். ஜோன்-பியேர் மெல்வில் 1967இல் எடுத்த பிரெஞ்சுப் படமான 'ல சாமுராய்' இதற்கு மூதாதை என்பதை வூ மறைத்ததில்லை. கதையோ தூய மிகையுணர்ச்சி நாடகம்; நம் ஊர்க் கூத்து மேடையில் ஏற்றினாலும் பொருந்தும். மெழுகுதிரிகள் எரியும் தேவாலயம், பறக்கும் வெண்புறாக்கள், சிதறும் மாதா சொரூபம் ஆகியவற்றைப் பற்றிப் போதிய அளவு எழுதப்பட்டுள்ளது. எவரும் போதிய அளவு எழுதாத ஒன்று இதிலுண்டு. வேலையை முடித்த கொலைஞனுக்கு முதலாளி கூலியைக் கொடுப்பதில்லை! கூலியை மறுப்பதோடு, அவனைக் கொன்று கணக்கைத் தீர்க்கவும் ஆளனுப்புகிறான். வயதான நண்பன் அந்தக் கூலியைக் கேட்டு முதலாளியிடம் போய், மிருகத்தைப்போல் அடியுண்டு, குற்றுயிராகப் பணத்தைக் கொண்டுவருகிறான். குற்ற உலகமும் ஒரு தொழிலுலகமே. அங்கும் உழைத்தவனின் ஊதியம் விழுங்கப்படும் என்பதை வூ அறிந்திருக்கிறார். முடிவில் நாயகனின் கண்கள் குண்டுபட்டு அழிகின்றன. அவளுக்கு உதவக்கூடிய அக்கண்களும் போயின. குருடியும் குருடனும் தரையில் ஊர்ந்து ஒருவரையொருவர் தேடி, தொடாமலே கடந்துபோகின்றனர். குண்டின் விலையை அறிந்த காட்சி அது. அதற்கு முன்னர் வந்த நூறு சாவுகள் வெறும் அலங்காரமாக நிற்பதாலேயே படம் மூன்றாமிடத்தோடு நிற்கிறது. 2024இல் அவரே பாரிஸ் நகரைக் களமாக்கி இதை மீண்டும் எடுத்தார். பேச வேண்டியதில்லை.

'எ பெட்டர் டுமொரோ' 1986இல் வெளிவந்தது. தயாரித்தவர் சுய் ஹார்க். லுங் கொங் என்பார் 1967இல் எடுத்த படமொன்றின் புது வடிவம். வீரனின் உண்மையியல்பு என்று பொருள்படும் சீனத் தலைப்பு இரண்டுக்கும் பொதுவானது. ஹொங்கொங்கில் அதுகாறும் இருந்த வசூல் எல்லைகளை உடைத்தது. வெப்பமான அந்நகரத்து இளைஞர் சௌ யுன் ஃபட்டைப் பார்த்து நீண்ட மேலங்கி அணிந்து திரிந்தனர். அவர்கள் அங்கியைப் பார்த்தார்கள். நாம் அங்கியைக் கழற்றிய பின்னர் வருவதைப் பார்க்க வேண்டும்.

கள்ள அமெரிக்க டொலர் அச்சிடும் கூட்டமொன்றின் இரு நண்பர்கள் ஹோவும் மார்க்கும். தொடக்கத்தில் மார்க் நூறு டொலர் தாளைக் கொளுத்தி அதிலே சிகரெட் பற்றவைக்கிறான். தாள் கள்ளத்தாள். எந்த வங்கிக்கும் குறையாத பளபளப்புக் கொண்ட அலுவலகத்திலிருந்து அவர்கள் தொழில் நடக்கிறது. நல்ல பணத்துக்கும் கள்ளப் பணத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அக்கட்டடத்தின் வாசலில் நின்று எவராலும் சொல்ல முடியாது. ஹோ காட்டிக்கொடுக்கப்பட்டுச் சிறை செல்கிறான். பழிவாங்கப்போன மார்க், பூச்சாடிகளில் ஒளித்து வைத்த துப்பாக்கிகளால் அனைவரையும் கொன்று காலிலே குண்டுபடுகிறான். ரசிகர் பூச்சாடிகளையே நினைவு கூர்வர். மூன்றாண்டுகளின் பின்னர், நொண்டியான மார்க், முன்னர் தன் கீழிருந்தவன் முதலாளியாகி இறங்கிவரும்போது காரின் கண்ணாடியைத் துடைக்கிறான். அவன் தரையில் எறிந்த காசைப் பொறுக்குகிறான். கார் நிறுத்துமிடத்தின் தரையில் அமர்ந்து பெட்டிச் சோறு உண்கிறான். பூச்சாடிக் காட்சியில் பாய்ந்த குண்டு இங்கேதான் வந்து சேர்கிறது. கூட்டத்துக்காகக் காலை இழந்தவனுக்குக் கூட்டம் கொடுத்த ஓய்வூதியம் அது.

சிறை மீண்ட ஹோ டாக்சி ஓட்டுகிறான். சிறை சென்றவர்களுக்கே வேலை கொடுக்கும் கம்பனி அது. நேர்மையான உழைப்பை வூ கண்ணியத்தோடு காட்டிய இடங்களில் இது முதன்மையானது. ஆயினும் அவ்வழியிலே படம் நெடுந்தூரம் செல்லத் துணியவில்லை. கள்வர் வந்து டாக்சிகளை உடைக்கின்றனர். துப்பாக்கி மீண்டும் மேசைக்கு வருகிறது. தொழிலாளர் ஒன்றுசேர்ந்து எதிர்ப்பர் என்ற எண்ணமே வூவுக்கு எழாது. அவருடைய உலகில் இருவர் இணையலாம், மூவர் இணையலாம்; நானூறுபேர் இணைய முடியாது. குன்றின்மேல் நின்று இரவு நகரத்தின் விளக்குகளைப் பார்க்கும் மார்க், இவ்வழகும் நிலையாதென ஏங்குகிறான். பிரித்தானியாவும் சீனாவும் கூட்டறிக்கையிற் கையெழுத்திட்டு நகரத்தைக் கைமாற்ற நாள் குறித்தது 1984இல். நகரத்து மக்களை எவரும் கேட்கவில்லை. கேட்கப்படாத மக்களின் ஏக்கம் ஒரு கள்வனின் வாயிலாக வெளிவந்தது. இப்படம் இரண்டாவது.

முதலாவது, 1990இல் வெளிவந்த 'புல்லட் இன் த ஹெட்'. தலைக்குள் ஒரு குண்டு. வசூலில் தோல்வி, வூ தம் சொந்தப் பணத்தையும் இதிலே இட்டு இழந்தார். 'எ பெட்டர் டுமொரோ'வின் முற்கதையாக அவர் எண்ணியிருந்தது இது. சுய் ஹார்க்குடன் முரண்பட்டமையால் தனிப்படமாயிற்று. இதனை முதலிடத்தில் வைப்பது முற்போக்காளருக்கு எளிதன்று. ஏன் எளிதன்று என்பதையும் மறைக்காமற் கூறியாக வேண்டும்.

1967. பென், பிராங், போல் என்ற மூன்று இளைஞர் ஹொங்கொங் சேரியில் ஒன்றாய் வளர்ந்தவர்கள். பென்னின் கலியாண விருந்துக்காகப் பிராங் வட்டிக்காரனிடம் கடன் வாங்கி வருகிறான். வழியிலே சண்டியன் ஒருவன் மறித்து அப்பணத்தைப் பறிக்க முயல்கிறான். தலை உடைந்து குருதி வடிந்தும் பிராங் பணத்தைக் கைவிடவில்லை, விருந்து நடக்கிறது. அன்றிரவே பென்னும் அவனும் பழிக்குப்பழி தீர்க்கப்போய் அச்சண்டியன் இறந்துவிட, மூவரும் கடத்தற் பொருள்களுடன் சைகொனுக்கு ஓடுகின்றனர், போர் நடக்கும் இடத்தில் பணம் பண்ணலாம் என்று. ஒருவனுடைய கலியாணச் சோற்றுக்காகத் தன் மண்டையை உடைத்துக்கொண்டவன் பிராங் என்பதை வாசகர் நினைவிற் கொள்க.

சைகொனிலே ஒரு பெட்டிப் பொன் அவர்கள் கைக்கு வருகிறது. அதன்பின் போலின் கண்ணுக்கு நண்பர் தெரிவதில்லை. குண்டுபட்டுச் சாகும் பாடகியைச் சுமப்பதா, பொன்னைச் சுமப்பதா என்ற கேள்விக்கு அவன் பொன்னையே தழுவுகிறான். பிடிபட்டு, சிறைமுகாமிலிருந்து தப்பியோடிக் காட்டில் ஒளிந்திருக்கும்போது, காயப்பட்ட பிராங்கின் ஓலம் எதிரிக்குக் கேட்டுவிடும் என்றஞ்சிப் போல் அவன் தலையிலே சுடுகிறான். பிராங் சாகவில்லை. குண்டு தலைக்குள்ளே தங்கிவிடுகிறது. அவ்வேதனையை மறக்க ஹெரோயின், ஹெரோயினுக்காகக் கூலிக்கொலை. சைகொன் தெருவில் பேயுருவாய்த் திரியும் அவனைப் பென் கண்டுபிடித்து, பிழைக்க வழியில்லாமையால் தன் கையாலே கொன்று, துளைபட்ட மண்டையோட்டை ஹொங்கொங்குக்குக் கொண்டுவருகிறான். அங்கே போல் கம்பனி அதிகாரி. இயக்குநர் கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது. மேசையின்மேல் மண்டையோடு வைக்கப்படுகிறது.

மூலதனம் பிறக்கும்போது அதன் உடலெங்கும் குருதி ஒழுகுவதை விளக்க நாம் வகுப்பறையில் எவ்வளவோ பாடுபடுகிறோம். வூ ஒரு மேசையையும் ஒரு மண்டையோட்டையும் வைத்தார். அவருடைய பிற படங்களில் ஒரு குண்டு பாய்ந்தவுடன் அடுத்த குண்டு புறப்படும். இங்கோ ஒரே குண்டு, பல மாதங்கள், ஒரு மனிதனின் மூளைக்குள் இருக்கிறது. துப்பாக்கிச் சண்டையின் அழகைப் பாடியே புகழ்பெற்ற கலைஞர் தம் பாட்டுக்கே எதிராக எழுதிய படம் இது.

இனி அதன் பெருங்குற்றத்துக்கு வருவோம். வியட்நாம் விடுதலைப் போராளிகளின் சிறைமுகாமை வூ காட்டும் விதம் பொய். கைதிகளின் கையில் துப்பாக்கி கொடுத்துச் சக கைதிகளைச் சுடச்செய்து சிரித்து மகிழும் கொடியர்களாகவே அவர்கள் வருகின்றனர். இக்காட்சி வரலாற்றிலிருந்து வந்ததன்று. மைக்கல் சிமினோவின் 'த டியர் ஹன்டர்' என்ற 1978ஆம் ஆண்டின் அமெரிக்கப் படத்திலிருந்து வந்தது. அப்படம் 1979இல் பெர்லின் திரைப்பட விழாவிற் காட்டப்பட்டபோது சோவியத் பிரதிநிதிகள் கண்டித்து வெளியேறினர். வேறு சோசலிச நாட்டினரும் பின்தொடர்ந்தனர். தன் மண்ணிற் குண்டுமாரி பொழிந்தவனை எதிர்த்து நின்ற மக்களைச் சித்திரவதைக்காரராக்கி, குண்டு பொழிந்தவனைத் துன்புற்றவனாக்கும் அந்தத் தலைகீழாக்கத்தை, ஆசியர் ஒருவர் ஆசியரைப் பற்றி மறுபடியும் செய்தது வெட்கக்கேடு. 1967ஆம் ஆண்டின் ஹொங்கொங் கிளர்ச்சியும் படத்திலே வெறும் பின்னணிப் புகையாகவே உள்ளது. செயற்கைப்பூத் தொழிற்சாலையொன்றின் தொழிலாளர் தகராற்றில் தொடங்கியது அக்கிளர்ச்சி என்பதைப் படத்திலிருந்து எவரும் அறியமுடியாது.

இவ்விடத்தில் நண்பர்கள் எங்கெல்ஸை நினைவூட்டுவர். 1888இல் மார்கரெட் ஹார்க்னெஸ் அம்மையாருக்கு எழுதிய கடிதத்தில், அரசியலிற் பிற்போக்காளரான பால்ஸாக் தம் அரசியற் சார்பையும் மீறி யதார்த்தத்தைப் படைத்தார் என்று எங்கெல்ஸ் போற்றினார். வூவையும் அவ்வாறே காப்பாற்றிவிடலாம் அன்றோ? அவசரப்படலாகாது. பால்ஸாக் தம் அரசியல் எதிரிகளான குடியரசு வீரரையே வியப்போடு தீட்டினார் என்பது எங்கெல்ஸ் சுட்டிய சான்றுகளுள் ஒன்று. வூ தம் எதிரிகளாகக் கருதியவர்களுக்கு மனித முகமே கொடுக்கவில்லை. அக்கடிதம் அவருக்கு நற்சான்றாகாது. அவர் எங்கே தவறினார் என்பதை அளக்கும் கோலாகவே ஆகும்.

படம் எடுக்கப்பட்ட காலத்தையும் நோக்க வேண்டும். 1989 யூனில் தியனன்மென் சதுக்கத்தில் நிகழ்ந்தது ஹொங்கொங் மக்களை உலுக்கியது. சைகொன் தெருவில் தாங்கிக்கு முன்னே மனிதன் நிற்கும் காட்சி அங்கிருந்தே வந்தது. கொம்யூனிஸ்ட் என்ற பெயரைத் தாங்கிய அரசொன்று மாணவர்மீது தாங்கிகளை ஏவியதன் பின்னர், அப்பெயர் தாங்கிய எவரையும் வூவினாற் பிரித்துக் காண இயலவில்லை. இது விளக்கமேயன்றி மன்னிப்பன்று. ஆனால் இவ்விளக்கத்தைக் கூறாது 'பிற்போக்குப் படம்' என்று மாத்திரம் எழுதும் திறனாய்வாளர், அத்தாங்கிகளைப் பற்றித் தாம் என்ன சொல்கிறார் என்பதையும் மாணவருக்குச் சொல்லியாக வேண்டும்.

இத்தனைக்கும் பின்னர் நாம் இப்படத்தை முதலிடத்திலேயே வைக்கிறோம். முகாம்க் காட்சியின் பொய் வூ பிறரிடமிருந்து வாங்கியது. பொன்னுக்கும் நண்பனின் தலைக்கும் இடையிலான உண்மை அவர் தம் சேரியிலிருந்து கொண்டுவந்தது. மாணவருக்குக் காட்டுகையில் முகாம்க் காட்சியை வெட்டிவிட வேண்டா. நிறுத்தி, வியட்நாமியர் இப்போரைப் பற்றித் தாமே எடுத்த படமொன்றை அருகே வைத்துப் பேசுக. நுயென் ஹொங் சென் 1979இல் எடுத்த 'காட்டு வயல்' பொருந்தும். அதிலே ஹெலிகொப்டரின் கீழே நீருக்குள் ஒளிந்துகொள்ளும் குடும்பத்துக்கு முகம் உண்டு.

எந்தப் பிரதியைக் காட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். இப்படத்துக்கு இரு முடிவுகள் உள. ஒன்றிலே மண்டையோடு வைக்கப்பட்ட பின்னர் பென்னும் போலும் துறைமுகத்தருகே கார்களில் மோதிச் சுட்டுக்கொள்கின்றனர். இளமையிலே மூவரும் சைக்கிளோட்டிப் பந்தயம் விட்டதை நினைவூட்டும் மோதல் அது. படமாளிகைகளுக்குப் போனது பெரிதும் இவ்வடிவமே. மற்றையதில் துறைமுகம் இல்லை. எல்லாம் கூட்ட அறைக்குள்ளேயே முடிகிறது. மேசையைச் சுற்றி இயக்குநர்கள் அமர்ந்தபடியே இருக்கின்றனர். அந்த இரண்டாவதையே தேடிப் பிடித்துக் காட்டுக.